பெல்ஜியப் படங்களில் பெண்களும் சிறுமிகளும்: நாலு வாரத் திரையிடலுக்கு எதை, எந்த வரிசையில் போடுவது?

சாளரம்7 கேட்டது:

வணக்கம். நாலு சனிக்கிழமை மாலைகளில் பெல்ஜியப் படங்கள் போடத் திட்டம். பொருள், பெண்களும் சிறுமிகளும். முப்பது நாற்பது பேர் வருவார்கள்; பாதிப்பேர் உலகப் படங்களுக்குப் பழகியவர்கள், பாதிப்பேர் புதியவர்கள். சின்ன அரங்கு, புரொஜெக்டர், ப்ளூ-ரே பிளேயர் இருக்கிறது.

இப்போதைய பட்டியல்: ஷான்டால் ஆக்கர்மானின் 'ழான் டீல்மான்' (1975), டார்டென் சகோதரர்களின் 'ரோசெட்டா' (1999), லூகாஸ் தோந்தின் 'கேர்ள்' (2018), லோரா வாண்டெலின் 'பிளேகிரவுண்ட்' (2021). இந்த வரிசையிலேயே போடலாம் என்று நினைத்தோம்.

சந்தேகங்கள்:
1. 'ழான் டீல்மான்' 201 நிமிடம். இடைவேளை விடலாமா, எங்கே விடுவது? புதியவர்கள் பாதியில் எழுந்து போகாமலிருக்க முன்னால் என்ன சொல்லலாம்?
2. 'ரோசெட்டா'வைப் பார்த்துவிட்டுத்தான் பெல்ஜிய அரசு இளையோருக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டதாகப் பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அறிமுகக் குறிப்பில் சேர்க்கலாமா?
3. நாலில் இரண்டு ஆண்கள் எடுத்தவை. மாற்ற வேண்டுமா? டச்சு பேசும் பிளாண்டர்ஸ் பக்கத்திலிருந்து என்ன எடுக்கலாம்?
4. நாலு வாரப் பேச்சையும் கோர்க்க ஓர் இழை வேண்டும். "பெண்களின் நிலை" என்று பொதுவாக ஆரம்பித்தால் பேச்சு படத்தை விட்டுப் போய்விடுகிறது.

---

தொகுப்பறை எழுதியது:

நாலாவது கேள்வியிலிருந்து வருகிறேன், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. கேமரா எங்கே நிற்கிறது, கை என்ன செய்கிறது. இந்த இரண்டையும் மட்டும் நாலு வாரமும் கேளுங்கள். பெல்ஜியப் படங்களில் பெண் தன் மனதைப் பேசித் தீர்ப்பது அபூர்வம். உருளைக்கிழங்கு சீவுவாள், மாவு மூட்டை தூக்குவாள், பந்தை அடித்துக்கொண்டே இருப்பாள். அதை இயக்குநர் எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் நின்று பார்க்கிறார் என்பதில்தான் படத்தின் கருத்து இருக்கிறது. ஆக்கர்மான் எதிரே அசையாமல் நிற்பார். டார்டென்கள் பிடரிக்குப் பின்னாலேயே ஓடுவார்கள். வாண்டெல் குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிந்துவிடுவார்.

அதனால் வரிசையை மாற்றுங்கள். 'ழான் டீல்மா'னை முதல் வாரம் போட்டால் இரண்டாம் வாரம் கூட்டம் பாதியாகும். 72 நிமிடப் 'பிளேகிரவுண்ட்' முதலில். அடுத்து 'ரோசெட்டா'. மூன்றாம் வாரம் 'ழான் டீல்மான்'. இரண்டு வாரம் பிடரியையும் முதுகையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அசையாமல் எதிரே நிற்கும் கேமரா ஒரு அதிர்ச்சியாகவே இருக்கும். அந்த அதிர்ச்சி வேண்டும்.

இப்போது இடைவேளை. தாராளமாக விடலாம், படமே இடம் வைத்திருக்கிறது. கதை மூன்று நாளில் நடக்கிறது. முதல் நாள் முடிந்தது, இரண்டாம் நாள் முடிந்தது என்று எழுத்துப் பலகை வரும். முதல் பலகையில் நிறுத்துங்கள். "பாதிப் படம் ஓடட்டும்" என்று இரண்டாவதில் நிறுத்தினால் கெட்டுவிடும். இரண்டாம் நாள் பிற்பகலில்தான் முதல் பிசகு நடக்கிறது. அது மூன்றாம் நாள் முழுக்கப் பெருகுகிறது. இடையில் தேநீர் குடிக்கப் போனவர்களுக்கு அந்தப் பிசகுகள் மறந்துபோகும், கடைசி அரை மணி நேரம் வெறும் திடுக்கிடலாக மட்டுமே படும். முதல் நாள் அப்படியல்ல. ஒழுங்கு என்றால் என்ன என்று அது கற்றுக்கொடுத்து முடித்திருக்கும். பின்பாதி நீளமாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவிட்டால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள்.

என்ன கற்றுக்கொடுக்கிறது? ழான் கணவனை இழந்தவள். பள்ளி போகும் மகனோடு பிரஸ்ஸல்ஸ் அடுக்ககத்தில் இருக்கிறாள். பிற்பகலில் ஒரு வாடிக்கையாளர் வருவார், படுக்கையறைக் கதவு மூடும், திறக்கும். அவர் கொடுக்கும் பணம் சாப்பாட்டு மேசை மேலுள்ள சூப் பாத்திரத்துக்குள் போகும், மூடி விழும். ஓர் அறையை விட்டு வெளியேறும்போது விளக்கை அணைப்பாள், அடுத்த அறையில் போடுவாள். அடுப்பில் உருளைக்கிழங்கு சரியாக வெந்திருக்கும். வாடிக்கையாளரின் நேரமும் கிழங்கின் நேரமும் ஒன்றாக அளந்து வைத்தவை.

இரண்டாம் நாள் அந்த அளவு தவறுகிறது. வெளியே வரும்போது தலை கலைந்திருக்கிறது, சூப் பாத்திரத்தை மூடாமல் விட்டுவிடுகிறாள், கிழங்கு குழைந்துபோயிருக்கிறது. அந்தக் கிழங்குப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடப்பாளே, அந்த நடையைத் தவறவிடாதீர்கள். படத்தின் முதல் அலறல் அதுதான், சத்தமில்லாத அலறல். கிழங்கு தீர்ந்துவிட்டதால் மறுபடி வாங்கி வந்து சீவ உட்காருவாள். மூன்றாம் நாள் ஷூ தேய்க்கும் பிரஷ் கை நழுவும், பொத்தான் ஒன்று போடாமல் கிடக்கும், காபி ருசி கெட்டிருக்கும், காபிக்கடையில் வழக்கமாக உட்காரும் இடத்தில் வேறொருத்தி இருப்பாள், பார்த்துக்கொள்ளக் கொடுத்த பக்கத்து வீட்டுக் குழந்தை தூக்கினால் வீறிடும்.

அறிமுகத்தில் இதையெல்லாம் சொல்லித் தொலைத்துவிடாதீர்கள். இரண்டே வாக்கியம் போதும்: "விளக்கு சுவிட்சையும் சூப் பாத்திரத்தின் மூடியையும் கவனியுங்கள். கதை எப்போது தொடங்கும் என்று காத்திருக்க வேண்டாம், முதல் ஷாட்டிலேயே அடுப்பில் ஏறியாயிற்று." புதியவர்கள் எழுந்து போவது அலுப்பினால் அல்ல. எதற்குக் காத்திருக்கிறோம் என்று தெரியாததால் போகிறார்கள்.

பேச்சில் வழக்கமாக வரும் பிழை ஒன்று. "நிஜ நேரத்தில் ஓடும் படம்" என்பார்கள். மூன்று நாள் எப்படி 201 நிமிடத்துக்குள் வரும்? தனித்தனி வேலைகள்தான் முழுதாகக் காட்டப்படுகின்றன: பாத்திரம் கழுவுவது, இறைச்சித் துண்டை மாவிலும் முட்டையிலும் ரொட்டித்தூளிலும் புரட்டுவது, கொத்திறைச்சி பிசைவது. படுக்கையறைக் கதவு மூடியதும் ஒரு வெட்டு. தாழ்வாரத்தின் வெளிச்சம் சட்டென்று மங்கியிருக்கும், கதவு திறக்கும். வழக்கமான படம் எதை நீட்டுமோ அதை ஒரு வெட்டில் தாண்டி, எதை வெட்டுமோ அதை நீட்டியிருக்கிறார். இதை எடிட்டிங்கின் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள்.

படம் 1975 மே மாதம் கேன் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் இருவாரம் பிரிவில் போடப்பட்டபோது ஆக்கர்மானுக்கு 25 வயது நிறையவில்லை. ஒளிப்பதிவு பாபெத் மாங்கோல்த். படக்குழுவில் பெரும்பாலோர் பெண்கள், பணம் பெல்ஜிய அரசின் மானியம். 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் 2022இல் முதலிடம். 1952இல் தொடங்கிய அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண் இயக்குநரின் படம் முதலிடம் பெற்றது அப்போதுதான். குறிப்பில் இதைப் போடுங்கள், ஆனால் கீழே போடுங்கள். "உலகின் தலைசிறந்த படம்" என்ற எதிர்பார்ப்போடு உட்காருகிறவர் கிழங்கைப் பார்க்க மாட்டார்.

ஒரு சேர்க்கை: அதே மாலை, முன்னால், ஆக்கர்மான் 18 வயதில் எடுத்த 13 நிமிடக் குறும்படம் 'சோத் மா வீல்' (1968). அவரே நடிக்கிறார். ஒரு பெண் முணுமுணுத்துக்கொண்டே படியேறி வருகிறாள், நூடுல்ஸ் தின்கிறாள், கதவிடுக்கை டேப் போட்டு அடைக்கிறாள், ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவள் காலுக்கும் சேர்த்துத் தேய்க்கிறாள், கடைசியில் எரிவாயுவைத் திறக்கிறாள். 'ழான் டீல்மா'னில் உள்ள சமையலறை வேலை எல்லாம் இதில் இருக்கிறது, ஆனால் தலைகீழாக, அவசரமாக. 13 நிமிடத்தில் சிரித்தபடி வெடித்த வீட்டை ஏழு வருடம் கழித்து 201 நிமிடத்தில் மெதுவாகத் திறந்து காட்டியிருக்கிறார்.

---

கம்பிவேலி எழுதியது:

இரண்டாம் கேள்விக்கு. அந்த வாக்கியத்தைக் குறிப்பில் போடாதீர்கள். அதில் இரண்டு பிழை.

முதலாவது, சட்டம் சம்பளத்தைப் பற்றியதல்ல, வேலைக்கு எடுப்பதைப் பற்றியது. 1999 டிசம்பர் 24ஆம் தேதிச் சட்டம், 2000இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் ஆள்தொகையில் 3 சதவீத அளவுக்கு இளையோரை "முதல் வேலை ஒப்பந்த"த்தில் எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்போதைய வேலைவாய்ப்பு அமைச்சர் லோரெத் ஓன்கெலின்க்ஸ். மக்கள் வாயில் அது "ரோசெட்டா திட்டம்" ஆயிற்று. குறைந்தபட்சக் கூலிக் கதை எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது, படத்தைப் பார்த்துச் சட்டம் எழுதவில்லை. சட்டம் ஏற்கெனவே இருந்தது, வாக்கெடுப்புதான் நடக்கவில்லை என்று இயக்குநர்களே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆண்டு மே மாதம் கேனின் உச்ச விருதான தங்கப் பனை படத்துக்குக் கிடைத்தது, பெயர் எல்லோர் நாக்கிலும் இருந்தது, திட்டத்துக்கு அந்தப் பெயர் ஏறிக்கொண்டது. இப்படி எழுதலாம்: "இளையோர் வேலைவாய்ப்புத் திட்டம் ஒன்று இந்தப் படத்தின் நாயகி பெயரால் அழைக்கப்பட்டது." அதுவே பெரிய விஷயம். ஒரு நாடு தன் வேலையில்லாப் பிரச்சினைக்கு ஒரு பெண்ணின் பெயரை வைத்தது.

படத்துக்கு வருவோம். இடம் செராங், லியேஜ் நகரத்தை ஒட்டிய பழைய எஃகு ஊர். டார்டென்கள் திரும்பத் திரும்பப் போகும் ஊர். தகுதிகாண் காலம் முடிந்ததென்று ரோசெட்டாவை நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளைச் சீருடையும் தொப்பியுமாகத் தொழிற்சாலைக்குள் கதவு கதவாக அறைந்துகொண்டு போகிறாள், கேமரா மூச்சிரைக்கப் பின்னால் ஓடுகிறது. முதல் சில நிமிடம் அவள் முகம் நமக்குச் சரியாகக் கிடைப்பதே இல்லை. ஒளிப்பதிவு அலென் மார்கோன், கேமராவைத் தோளில் சுமந்தவர் பெனுவா தெர்வோ. அவள் அடுத்து எந்தப் பக்கம் திரும்புவாள் என்பது கேமராவுக்கு முன்கூட்டித் தெரியாததுபோல எடுத்திருக்கிறார்கள். எப்போதும் அரை நொடி பிந்தும். அந்த அரை நொடிதான் மரியாதை: அவளை முந்திக்கொண்டு போய் நின்று நமக்காகக் காத்திருக்கும் கேமரா இது இல்லை.

பார்க்கச் சொல்ல வேண்டிய கை வேலைகள்: நெடுஞ்சாலையைக் கடந்து காட்டுக்குள் வந்ததும் குழாய்க்குள் ஒளித்த பூட்ஸை எடுத்து மாற்றிக்கொள்வது, மீன் பிடிக்க பாட்டிலும் தூண்டில் நூலும், வயிற்று வலிக்கு ஹேர் டிரையரின் சூடு, வாஃபிள் கடையின் மாவு மூட்டை. ஒவ்வொன்றும் பலமுறை வரும். கடைசியில் எரிவாயு சிலிண்டர். அதன் கனத்தை அவள் உடம்பு முழுக்கப் பார்க்கலாம். ஆக்கர்மானின் குறும்படத்திலும் எரிவாயுதான் முடிவு. அங்கே தீக்குச்சி, இங்கே காலியாகிப்போன சிலிண்டர். சாவதற்கும் புதுச் சிலிண்டர் வாங்கித் தூக்கி வர வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த வாரம் பார்த்தவர்கள் தாங்களாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

பேச்சில் தவறவிடக் கூடாத கேள்வி: வேலைக்காக அவள், வாஃபிள் கடையில் வேலை செய்யும் நண்பன் ரிக்கேவைக் காட்டிக்கொடுக்கிறாள். தண்ணீரில் விழுந்தவனை உடனே தூக்கவும் இல்லை. பாதிக்கப்பட்ட பெண் நல்லவளாகவும் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு எங்கிருந்து வருகிறது?

ரோசெட்டாவாக நடித்த எமிலி டெக்கெனுக்கு அது முதல் படம், கேன் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. அதே டெக்கென் 2022இல் தோந்தின் 'குளோஸ்' படத்தில் மகனை இழந்த தாய். 2025 மார்ச்சில் 43 வயதில் புற்றுநோயால் இறந்தார். அறிமுகத்தில் அவருக்காக ஒரு நிமிடம் ஒதுக்குங்கள்.

மூன்றாம் கேள்விக்கும் ஒரு சொல். இயக்குநர் பெயரை மட்டும் எண்ணாதீர்கள். டார்டென்களின் படங்களைத் தொடர்ந்து தொகுத்து வருபவர் மரீ-எலென் தோசோ. ஷாட் எங்கே முடிகிறது என்பதில்தான் அந்தப் படங்களின் மூச்சு இருக்கிறது, அதில் அவர் கை இருக்கிறது.

கடைசியாக, கேமரா ஆட்டம் தலைசுற்றல் உள்ளவர்களைப் படுத்தும். முதல் இரண்டு வரிசையைக் காலியாக விடுங்கள்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

'பிளேகிரவுண்ட்' பற்றியும் 'கேர்ள்' பற்றியும் சொல்கிறேன்.

'பிளேகிரவுண்ட்' படத்தில் ஏழு வயது நோரா புதிதாகப் பள்ளிக்கு வருகிறாள், அண்ணன் அடிபடுவதைப் பார்க்கிறாள். படம் பள்ளிச் சுவரை விட்டு வெளியே போவதேயில்லை. கேமரா நோராவின் கண் மட்டம். பெரியவர்களின் இடுப்பும் கையும்தான் தெரியும். அவர்கள் குனிந்தால்தான் முகம் கிடைக்கும். பின்புலம் மங்கல், சத்தம் மட்டும் நாலு பக்கமும். அதனால் எந்த ஆசிரியர் குனிகிறார், எத்தனை தடவை குனிகிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். விவாதம் தானே கிளம்பும்.

வாண்டெல் குழந்தைகளிடம் திரைக்கதையைக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையும் தன் பாத்திரத்துக்கு ஒரு பொம்மை செய்தது; சூழலைச் சொல்லி, நீ என்ன செய்வாய் என்று கேட்டு, நடித்துப் பார்த்து, பிறகு காட்சியைப் படமாக வரையச் சொன்னார்கள். அந்த வரைபடங்கள்தான் குழந்தைகளின் திரைக்கதை. பொம்மையைச் செய்ததே, இது நான் இல்லை, பாத்திரம் என்ற கோடு குழந்தை மனதில் விழத்தான். பள்ளி ஆசிரியர்கள் யாராவது வந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நேரம் மிச்சம் இருப்பதால் முதல் வாரத்திலேயே ஆக்கர்மானின் ஒரு மணி நேரப் படம் ஒன்றைச் சேர்க்கலாம்: 1994இல் ஆர்த்தே தொலைக்காட்சிக்காக எடுத்தது, 'அறுபதுகளின் இறுதியில் பிரஸ்ஸல்ஸில் ஓர் இளம்பெண்ணின் சித்திரம்' என்று தலைப்பை மொழிபெயர்க்கலாம். 1968 ஏப்ரல். பள்ளிக்கு மட்டம்போட்ட மிஷெல் நகரமெங்கும் நடக்கிறாள், பேசுகிறாள். தெருவில் 90களின் கார்கள் ஓடும், மறைக்கவேயில்லை. ஏழு வயதும் பதினைந்து வயதும் ஒரே மாலையில். மொத்தம் 132 நிமிடம்தான்.

'கேர்ள்' படத்தை எடுத்துவிடுங்கள் என்பேன். மோசமான படம் என்பதால் அல்ல. கேனில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா வாங்கியது. லாராவாக நடித்த விக்டர் போல்ஸ்டரின் நடனமும் கட்டுப்பாடும் அசாத்தியம். ஆனால் திருநங்கைச் சிறுமியின் வேடத்தை அப்படி அல்லாத பையனுக்குக் கொடுத்ததும், கேமரா ஓயாமல் அவள் உடலையே பரிசோதிப்பதும், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் காட்சியும் திருநர் விமர்சகர்களிடமிருந்து கடுமையான எதிர்ப்பைப் பெற்றன. படத்துக்குத் தூண்டுதலாக இருந்த நடனக் கலைஞர் நோரா மொன்செகூர், இது என் அனுபவம் என்று படத்தின் பக்கம் நின்று எழுதினார். இரு பக்கமும் சொல்லாமல் இதைப் போடக் கூடாது. சொல்வதற்குத் திருநர் ஒருவர் மேடையில் இருக்க வேண்டும். கடைசி வாரத்தில் இருபது நிமிடப் பேச்சில் அது நடக்காது. தனி மாலை வையுங்கள்.

அந்த இடத்தில் டச்சுப் பக்கத்திலிருந்து 'ஜூலி கீப்ஸ் கொயட்' (2024), இயக்கம் லியோனார்டோ வான் டெய்ல். உயர்நிலை டென்னிஸ் பயிலகம். ஒரு மாணவி தற்கொலை செய்துகொண்டபின் பயிற்சியாளர் இடைநீக்கம் செய்யப்படுகிறார். அவரிடம் நெருங்கிப் பயின்ற ஜூலி எதையும் சொல்ல மறுக்கிறாள். சர்வ் போடுகிறாள், வீட்டுப்பாடம் எழுதுகிறாள், உடற்பயிற்சி செய்கிறாள். நடித்தவர் டெஸ்ஸா வான் டென் புரூக், உண்மையிலேயே டென்னிஸ் ஆடுபவர், அடியில் பொய்யில்லை. மௌனம் காப்பவளைப் பேசவைக்கப் படம் அவசரப்படுவதேயில்லை. 'ழான் டீல்மா'னுக்கு அடுத்த வாரம் இதைப் போட்டால், அன்றாட ஒழுங்கு ஒருத்தியைத் தாங்கிப் பிடிக்கவும் செய்யும், அடைத்தும் வைக்கும் என்பது பார்வையாளருக்குப் புரியும்.

டச்சுப் பக்கத்தில் பெண் இயக்குநர்தான் வேண்டுமென்றால் வேர்லே பாட்டென்ஸின் 'ஹெட் ஸ்மெல்ட்' (2023). கார் பின்பெட்டியில் பெரிய பனிக்கட்டியோடு சொந்த ஊருக்குத் திரும்பும் எவா. 13 வயதில் அவளுக்கு நடந்தது என்ன என்பது மெல்லத் திறக்கும். சிறுமி மீதான பாலியல் வன்முறை நேரடியாக வருகிறது. அறிவிப்புப் பலகையிலேயே எச்சரிக்கை போட வேண்டும், வாசலில் மறுபடி சொல்ல வேண்டும், இடையில் வெளியேற ஓரத்து இருக்கைகள் விட வேண்டும். பழகாத கூட்டத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

சாளரம்7 எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சட்டம் பற்றிய வாக்கியத்தை மாற்றிவிட்டோம். புதிய வரிசை: முதல் வாரம் 1994 ஆக்கர்மான் படமும் 'பிளேகிரவுண்டு'ம்; இரண்டாம் வாரம் 'ரோசெட்டா'; மூன்றாம் வாரம் குறும்படமும் 'ழான் டீல்மா'னும், இடைவேளை முதல் பலகையில்; நாலாம் வாரம் 'ஜூலி கீப்ஸ் கொயட்'.

இப்போது வேறு குழப்பம். 'ழான் டீல்மா'னுக்கு இரண்டு பிரதி கிடைக்கிறது. ஒரு டிவிடியில் 193 நிமிடம் என்று காட்டுகிறது. எட்டு நிமிடம் வெட்டப்பட்ட பிரதியா? இன்னொன்று அமெரிக்க ப்ளூ-ரே, எங்கள் பிளேயரில் ஓடவில்லை.

---

ஒளிக்கற்றை எழுதியது:

வெட்டப்படவில்லை. அது ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையான 'பால்' (PAL) முறையில் வந்த டிவிடி. நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை 25ஆக ஓட்டுகிறது. 201ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள், 193 வரும். வேறெந்தப் படமென்றாலும் பரவாயில்லை என்பேன். இந்தப் படத்தில் ஒவ்வொரு வேலையின் நீளமும் அளந்து வைத்தது, நாலு சதவீத வேகம் கூடினாலும் அவள் நடை மாறிவிடும், குரலும் சற்றுக் கீச்சிடும். 24இல் ஓடும் பிரதியைத் தேடுங்கள். 24க்கான சப்டைட்டில் கோப்பை இந்த டிவிடியோடு ஒட்டினால் தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகும். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துச் சரி என்று நம்பிவிடாதீர்கள், கடைசிக் காட்சியில் ஒரு வசனத்தைச் சோதியுங்கள்.

ப்ளூ-ரே வட்டுகளை உலக மண்டலவாரியாகப் பூட்டி விற்பதுண்டு. அமெரிக்க வட்டு மண்டலம் ஏ. இந்தியாவும் இலங்கையும் மண்டலம் சி, அதனால்தான் ஓடவில்லை. எல்லா மண்டலமும் படிக்கும் பிளேயர் வேண்டும். ஆனால் அதைவிட முக்கியம் உரிமை. கடையில் வாங்கிய வட்டு வீட்டில் பார்க்க மட்டுமே. கட்டணம் வாங்காத திரையிடலுக்கும் உரிமையாளரின் அனுமதி தேவை. ஆக்கர்மான் படங்களைச் சீரமைத்து வைத்திருப்பது பிரஸ்ஸல்ஸில் உள்ள சினிமாதெக், பெல்ஜியத்தின் திரைப்படக் காப்பகம். அங்கே எழுதிக் கேட்டால் உங்கள் நாட்டுக்கு யாரிடம் போக வேண்டும் என்று சொல்வார்கள். எழுதும்போது தேதி, இருக்கை எண்ணிக்கை, கட்டணம் உண்டா இல்லையா, டிசிபியா (திரையரங்குகளுக்கான டிஜிட்டல் பிரதி) சாதாரண வீடியோ கோப்பா, இந்த நாலையும் முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கடிதம் போய்க்கொண்டும் வந்துகொண்டுமே ஒரு மாதம் ஓடும்.

பிரதி வரும்போது சப்டைட்டில் மொழியைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். பெல்ஜியத் திரையரங்குகளில் பிரெஞ்சும் டச்சும் இரண்டு வரியாகக் கீழே வருவது வழக்கம். அப்படிப் படத்தோடு சேர்த்தே பதித்த பிரதி வந்துவிட்டால் அதன் மேல் ஆங்கிலமோ தமிழோ போட இடமிருக்காது. 'ஜூலி'யில் இரண்டு மொழியும் பேசுகிறார்கள். தமிழ் சப்டைட்டில் தயாரித்தால் மொழி மாறும் இடத்தைச் சாய்வெழுத்தில் காட்டுங்கள். யாரிடம் எந்த மொழியில் பேசுகிறாள் என்பது அந்த ஊரில் பொருளுள்ள விஷயம்.

திரையில்: 'ழான் டீல்மான்' 1.66க்கு 1 விகிதம். அகலத் திரையில் இரு பக்கமும் மெல்லிய கறுப்புப் பட்டை விழும், விழட்டும். "திரை நிறையட்டும்" என்று ஜூம் செய்தால் மேலும் கீழும் வெட்டுப்படும், நின்று வேலை செய்யும்போது தலை போய்விடும். புரொஜெக்டரிலோ டிவியிலோ அசைவைச் செயற்கையாக வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் என்று ஒன்று இருக்கும், முழுக்க அணையுங்கள். கடைசி ஷாட் இருட்டில், வெளியே நியான் விளக்கு விட்டுவிட்டு அடிக்க, அவள் மேசையில் உட்கார்ந்திருப்பது சில நிமிடம் நீளும். அரங்கில் கதவிடுக்கு வெளிச்சம் இருந்தால் அவள் முகமே தெரியாது. மூன்றாம் வாரத்துக்கு முந்தைய நாள் மாலை அந்த ஷாட்டை மட்டும் ஓட்டிப் பார்த்து இடுக்குகளை அடையுங்கள்.

ஒலி: இசை கிடையாது, வானொலியில் வருவது தவிர. சுவிட்சின் சொடுக்கு, குதிகால் சத்தம், தண்ணீர்க் குழாய், இவைதான் பின்னணி இசை. சாதாரணப் படத்துக்கு வைப்பதைவிடச் சற்றுக் கூட்டி வையுங்கள். சத்தம்போடும் மின்விசிறி இருந்தால் அதன் கீழ் வரிசைகளை அடைத்துவிடுங்கள். புரொஜெக்டரையும் பார்வையாளர் தலைக்கு நேர் மேலே வைக்காதீர்கள், அதன் விசிறியும் ஓர் இரைச்சல்தான்.

---

தொகுப்பறை எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ப்ளூ-ரே வட்டில் கூடுதல் படம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். படப்பிடிப்பின்போது நடிகர் சாமி ஃப்ரே வீடியோவில் பதிவுசெய்த ஆவணப்படம் ஒன்று உண்டு. ழானாக நடித்த டெல்ஃபீன் செய்ரிக் ஒவ்வொரு அசைவுக்கும் ஏன் என்று கேட்பதும், ஆக்கர்மான் பதில் தேடித் திணறுவதும், வேகத்தைக் குறை என்று விடாமல் சொல்வதும் அதில் இருக்கும். செய்ரிக் பெரிய நட்சத்திரம். ஓஸ்டெண்ட் கடற்கரை ஹோட்டலில் நடக்கும் 1971ஆம் ஆண்டு பெல்ஜிய இரத்தக்காட்டேரிப் படத்தில் பளபளக்கும் சீமாட்டி. அப்படிப்பட்டவருக்கு ஒரு கிழங்கை எப்படிப் பிடிப்பது என்று கேட்க வேண்டியிருந்தது. திரையிடலுக்குப் பிறகு பத்து நிமிடம் போடலாம், முன்னால் வேண்டாம்.

குறிப்பில் முகவரி எழுதினால் கவனம்: படத்தின் முழுத் தலைப்பு 'ழான் டீல்மான், 23 கே து கொமர்ஸ், 1080 பிரஸ்ஸல்ஸ்'. அதில் "1080" என்று வருகிறது, அது மொலென்பேக்கின் அஞ்சல் எண். கே து கொமர்ஸ் தெரு உண்மையில் 1000. தலைப்பைத் தலைப்பாகவே விடுங்கள், திருத்த வேண்டாம்.

---

சாளரம்7 எழுதியது:

அனுமதி கேட்டு சினிமாதெக்குக்கு எழுதிவிட்டோம், நாலு விவரத்தோடு. முதல் பலகை வரும் நேரத்தை எங்கே பார்ப்பது? பிரதிக்குப் பிரதி மாறுமா?

---

ஒளிக்கற்றை எழுதியது:

மாறும். வட்டுகளில் முன்னால் நிறுவன முத்திரை, சீரமைப்பு அறிவிப்பு எல்லாம் ஓடும், சில நிமிடங்கள்கூட வித்தியாசம் வரலாம். உங்கள் கைக்கு வந்த பிரதியில் முந்தைய நாளே ஓட்டிப் பார்த்து நிமிடத்தையும் நொடியையும் எழுதி புரொஜெக்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். பலகை முழுதாக வந்து போன பிறகு நிறுத்துங்கள். மறுநாள் காலையின் முதல் சட்டகம் திரையில் உறைந்து நிற்கக் கூடாது. திரும்பத் தொடங்கும்போது பலகைக்கு ஒரு நிமிடம் முன்னாலிருந்து ஓட்டுங்கள். பேச்சு அடங்க அந்த ஒரு நிமிடம் வேண்டும், அவர்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் இரண்டாம் நாள் விடிந்துவிடக் கூடாது.